கோயில் வரி என்று நினைத்தோம்

சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைத்தொலைபேசிக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தோம். நடுவில் என் மனைவியின் தாய், மாமி. ஒரு பக்கம் அவருடைய தம்பி தங்கராசா மாமா. மறுபக்கம் என் மனைவியின் தங்கை ரஜனி. எனக்குக் கதிரை கிடைக்கவில்லை, பின்னால் நின்றேன். மத்தியானம் பொரித்த இறாலின் மணம் வீட்டை விட்டு இன்னும் போகவில்லை.

திரைக்குள் என் மனைவி சுகிர்தா. இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டினத்து ஆஸ்பத்திரியில் தாதியாகச் சேர்ந்து, முதல் முழு மாதச் சம்பளம் வந்திருந்தது. சம்பளச் சிட்டையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டினாள்.

“மேல ஒரு நம்பர் இரிக்கே, அதத்தானே அனுப்புவாய்?” என்று கேட்டார் தங்கராசா மாமா.

“இல்ல மாமா. கீழ உள்ளதுதான் என்ர கைக்கு வாறது. நடுவுல வெட்டிப்போட்டாங்க.”

“வெட்டினதா? யார் வெட்டின?”

“அரசாங்கம். வரி. மறுகா பென்சனுக்கு ஒரு துண்டு, காப்புறுதி எண்டு இன்னொரு துண்டு.”

மாமா வாயைத் திறந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமிதான் நிதானமாக இருந்தார். வரி என்ற சொல் அவருக்குப் பழக்கமான சொல்.

“வரிதானே புள்ள. கட்டிப்போடு. வருசத்துக்கு ஒருக்கா கட்டுறதுதானே” என்றார்.

“மாதா மாதம் அம்மா.”

“மாதா மாதமா? அப்படி என்ன திருவிழா செய்யிறாங்க அங்க?”

ரஜனி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். திரைக்குள் சுகியும் சிரித்தாள். ஆனால் அவள் கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். இணைப்புத்தான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

சவுதிக் கணக்கு

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுகியை விட்டுவிட்டுத் திரும்பியதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அவள் எதற்காகப் போனாள் என்பதை எழுத மறந்துவிட்டேன் என்று ஒரு வாசகி கடைக்கே வந்து குறை சொன்னார். ஆரையம்பதியில் கைத்தொலைபேசி திருத்துகிற கடை வைத்திருப்பவன் பத்திரிகையில் எழுதினால், குறை கேட்கிறதற்கு ஆட்கள் தபால் முத்திரை வாங்கத் தேவையில்லை.

அவள் போனது வீடு கட்ட. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியேறுவான். நானும் அப்படி வந்தவன்தான். மாமியின் வீடு மூத்தவள் சுகிக்கு வந்துவிட்டது. இளையவள் ரஜனிக்கு அதே வளவுக்குள் புது வீடு எழும்ப வேண்டும். சுகியின் அப்பா இறந்து கனகாலம். ஆண் பிள்ளையும் இல்லை. ஆகவே அந்தப் பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது.

ரஜனிக்கு வெல்லாவெளியில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை சசிதரன் அரசாங்க உத்தியோகம், நல்ல பெடியன். அடுத்த வருச ஆவணியில் கல்யாணம், அதற்கு முன் வீடு கூரை போட்டு, பூசி, நிலத்துக்கு டைல்ஸ் பதித்துத் தருவது என்று மாமி அவனுடைய தாய்க்கு வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்குக்குப் பின்னால் இருந்த கணக்கு தங்கராசா மாமாவுடையது. சுகிக்கு வேலைக் கடிதம் வந்த அன்று அதில் இருந்த வருசச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பிரித்தார். பவுணின் ரூபாய் மதிப்பால் பெருக்கினார். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் கழித்தார். மிச்சத்தை மேசனுக்குக் கொடுக்கும் கூலியோடு பொருத்திப் பார்த்து, ஆவணிக்குள் முடியும் என்றார்.

அவரை ஏன் நம்பினோம் என்றால், எங்கள் குடும்பத்தில் வெளிநாடு பார்த்தவர் அவர் ஒருவர்தான். இளந்தாரியாக சவுதிக்குப் போய்ப் பல வருசம் இருந்தவர். அங்கே சம்பளம் என்று பேசினால் அது அப்படியே கைக்கு வரும், ஒரு சதம் குறையாது. இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் காசில் கட்டின வீட்டுக்குள்தான் இருக்கிறோம். சம்பளத்துக்கு மேலே ஓர் இலக்கம், கீழே ஓர் இலக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கும் தெரியாது. கடை வருமானத்துக்கு வருமான வரி கட்டும் அளவுக்கு என் கடை என்றைக்கும் ஓடியதில்லை.

இரண்டு பக்கமும் வரி

எங்களுக்கு வரி என்றால் கோயில் வரிதான். வைகாசிச் சடங்குக்கு முன் கூட்டம் போட்டு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரும் இன்னும் இரண்டு பேரும் வீடு வீடாக வருவார்கள். கட்டாவிட்டால் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லுவார்களோ என்ற பயத்தில் எல்லோரும் கட்டிவிடுவோம். கட்டினால் கண்ணுக்கு முன்னால் பந்தல் எழும்பும், பொங்கல் வேகும், மேளம் கேட்கும். போன காசு எங்கே போனது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

அந்த வருசம் வண்ணக்கர் எங்கள் வாசலில் நின்று இரட்டை வரி கேட்டார்.

“வெளிநாட்டில ஆள் உள்ள வீடு தம்பி. கூட்டத்தில முடிவெடுத்திரிக்கு” என்றார்.

“அங்கயும் வெட்டுறாங்க, இஞ்சயும் வெட்டுறீங்களா?” என்று எனக்கு வாய்வரை வந்தது. மாமி முந்திக்கொண்டு காசை எடுத்துக் கொடுத்துவிட்டார். மகள் லண்டனில் இருக்கிறாள் என்று நாலு பேர் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தது. சுகி இருந்த ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் பாதி நாள் போக வேண்டும், அதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு சுகியிடம் மாமி மறுபடியும் அதையே கேட்டார், அந்த வரியை வாங்கி என்ன செய்கிறார்கள் என்று.

“ஆஸ்பத்திரி நடத்துறாங்க அம்மா. என்ர சம்பளமே அதிலதான் வருது.”

மாமி திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

“அப்ப, தந்துட்டு மறுகா புடுங்குறாங்க” என்றார்.

அன்றைக்கு அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். பிறகு கடையில் சும்மா இருந்த நேரங்களில் யோசித்துப் பார்த்தேன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சுகி வேலை செய்த காலத்தில், காய்ச்சலோடு வருகிறவன் ஒரு சதமும் கொடுக்காமல் மருந்து வாங்கிக்கொண்டு போனான். அந்தக் காசை யார் கட்டினார்கள்? நான் வாங்கிய பிஸ்கட்டிலும் விற்ற கைத்தொலைபேசி ரீலோட்டிலும் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டியிருப்பார்கள். அங்கே சிட்டையில் எழுதிக் காட்டி வெட்டுகிறார்கள். எழுதிக் காட்டினால்தான் நமக்கு வயிறு எரிகிறது.

கமராவில் ஊத்தை

காசு மாதா மாதம் சொன்னபடி வந்தது. அதுதான் விசயம். மேலே உள்ள இலக்கத்தை வைத்து தங்கராசா மாமா போட்ட கணக்கில் எவ்வளவு வர வேண்டுமோ, அவ்வளவும் வந்தது. சுவர் எழும்பியது. நிலை வைத்தார்கள். மாலையில் வாவிப் பக்கமிருந்து காற்று வரும்போது பச்சைச் சீமெந்தின் மணம் வீட்டுக்குள் வரும். மாமா ஒவ்வொரு மாதமும் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, “பாத்தீங்களா, வரி கிரி எண்டு சும்மா பயந்தம்” என்பார்.

நாலில் ஒரு பங்கு வெட்டுப்பட்ட சம்பளத்தில் இருந்து வெட்டுப்படாத காசு எப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் சுகியின் படம் மங்கத் தொடங்கியது. பேசத் தொடங்கும்போது தெளிவாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் முகத்தின் கீழ்ப்பாதி வெள்ளையாகக் கலங்கும். எனக்கு இது தொழில். கமராக் கண்ணாடியில் ஊத்தை பிடித்தால் இப்படித்தான் வரும்.

“துணியால துடை சுகி” என்றேன்.

துடைத்தாள். தெளிந்தது. பேசினாள். மறுபடியும் மங்கியது.

“உள்ளுக்கு ஈரம் போயிருக்கும். அரிசிக்குள்ள போட்டு வை” என்றேன்.

“சரி, போடுறன்” என்றாள்.

அடுத்த ஞாயிறும் அதே கதை. அவள் தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் சால்வை. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்திருந்தாள். வெளியே போகப் போகிறாயா என்று கேட்டேன். இல்லை, இப்போதுதான் இரவு வேலை முடிந்து வந்தேன், அறையில்தான் இருக்கிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வாய்க்கு முன்னால் புகை போல ஒன்று எழும்பிக் கலைந்தது.

ஊத்தையும் இல்லை, ஈரமும் இல்லை. அது அவளுடைய மூச்சு. அறைக்குள் இருந்துகொண்டே மூச்சு புகைகிற அளவுக்கு அவள் குளிரில் இருந்தாள். இத்தனை வாரமும் நான் அவளைக் கண்ணாடி துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மாமி உறங்கப் போகும்வரை பொறுத்திருந்து தனியாக எடுத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை.

“இஞ்ச கரண்டுக்கும் ரீலோட் மாதிரித்தான். ஒரு சாவி இரிக்கு. கடையில குடுத்துக் காசு போட்டுக்கொண்டு வந்து மீற்றருல செருகோணும். இல்லாட்டி ஹீற்றர் வேல செய்யாது” என்றாள்.

“அப்ப போடன்.”

“எதில இருந்து போட? வாடகையக் குறைக்க ஏலா. பஸ்ஸுக்குக் குறைக்க ஏலா. வரியப் போய்க் குறைக்கச் சொல்ல ஏலா. அம்மா மேசனுக்குச் சொன்ன காசக் குறைக்க ஏலா. நான் குறைக்கக்கூடிய சாமான் ரெண்டுதான் இரிக்கு. சாப்பாடு ஒண்டு. சூடு மற்றது.”

மாமி உறங்கும் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

“அம்மாட்டச் சொல்லிப்போடாதீங்க. ஆவணி வரைக்கும்தானே” என்றாள்.

கடைக்கு வரும் கடிதங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் கடைக்கு உடைந்த திரையோடு வருகிறவர்களை விட வேலைக் கடிதத்தோடு வருகிறவர்கள் கூட. போலந்து, ருமேனியா, ஜப்பான், இங்கிலாந்து. கல்குடாவிலிருந்து மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெடியன் ஒருவன் போன மாதம் வந்தான். “அண்ணன், இதக் கொஞ்சம் பாருங்க, நல்ல சம்பளம்தானே?” என்றான்.

நான் சம்பளத்தைப் பார்ப்பதில்லை. வெட்டு எவ்வளவு என்று ஏஜென்சியிடம் கேட்டாயா, படுக்கிற இடத்துக்கு யார் காசு, குளிருக்கு என்ன செலவு, வேலைக்குப் போய்வர எவ்வளவு என்று கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு எவ்வளவு அனுப்புவாய் என்று கேட்டால் மட்டும் உடனே பதில் வரும். அது முன்பே தீர்மானமாகிவிட்டது. தங்கச்சிக்கு வீடு, அப்பாவின் தோணிக்கு எஞ்சின், நகை மீட்பது.

எங்கள் ஆட்களின் வரவுசெலவு அப்படித்தான் போடப்படுகிறது. அனுப்புகிற காசு முதல் வரியில். உழைக்கிறவனின் வயிறும் உடம்பும் கடைசி வரியில், அதுவும் இடம் இருந்தால். அந்தப் பெடியனுக்கு இதைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். முதலில் நீ உயிரோடு இருக்க எவ்வளவு, பிறகு மற்றது. அவன் பார்த்துவிட்டு, “இப்படிப் போட்டா வீட்டுக்கு ஒண்டும் மிஞ்சாது போல அண்ணன்” என்றான். கொஞ்சம் மிஞ்சும், ஆனால் நீ வீட்டில் சொன்ன அளவு மிஞ்சாது என்றேன். அவன் முகம் வாடித்தான் போனான்.

பன்னிரண்டு பேர்

சுகி சொல்லாதே என்றாள். நான் ஆறு நாள் சொல்லாமல் இருந்தேன். எனக்கு அது பெரிய சாதனை.

ஞாயிறு பின்னேரம் தங்கராசா மாமா டைல்ஸ் மாதிரிகளோடு வந்தார். காத்தான்குடியில் வாங்கியது. மாமியும் ரஜனியும் நிலத்தில் பரப்பிவைத்துப் பார்த்தார்கள். ஒன்று பால் நிறம், ஒன்று தேன் நிறம்.

“தேன் நிறம் கொஞ்சம் விலதான். என்ன, அடுத்த மாதம் புள்ளைட்டச் சொல்லி ரெண்டு நைட் கூடச் செய்யச் சொன்னா சரி” என்றார் மாமா.

எனக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். தொப்பி, மூச்சு, மீற்றர் சாவி, சாப்பாடு, சூடு. “நீங்க நிலத்துக்கு நிறம் பாருங்க, அவள் அங்க விறைச்சுக் கிடக்கட்டும்” என்று கத்தினேன். மாமியின் முன் அப்படி நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மாமி தேன் நிற டைல்ஸைக் கையில் வைத்தபடி இருந்தார். ரஜனி எழுந்து நின்றாள்.

தங்கராசா மாமாவுக்குத்தான் பேச்சு வந்தது. “வெளிநாடு எண்டா அப்படித்தான் தம்பி” என்றார். குரலில் கோபம் இல்லை. பழகிப்போன ஒன்றைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். “நான் சவுதியில ஒரு அறைக்குள்ள பன்னிரண்டு பேரோட கிடந்தன். ஒரு நேரம் சாப்பிட்டுக் கிடந்தன். யாருக்கும் சொன்னனா? இந்த வீடு எழும்பலையா?”

நாங்கள் இருந்தது மாமியின் வீடு. மாமியின் கல்யாணத்துக்காகத் தம்பி சவுதிக்குப் போய் உழைத்துக் கட்டிக் கொடுத்த வீடு. அதுவரை நான் கேட்டதெல்லாம் அவர் கொண்டுவந்த ரேடியோவையும் கம்பளிப் போர்வையையும் சென்ற் போத்தல்களையும் பற்றித்தான்.

மாமி தம்பியையே பார்த்தார். “எனக்கு நீ ஒருநாளும் சொல்லல்லயே” என்றார்.

“சொன்னா நீ காச வாங்குவியா அக்கா?”

மாமி டைல்ஸை நிலத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

சாவி

ரஜனி கைத்தொலைபேசியை எடுத்து அக்காவை அழைத்தாள். அங்கே காலை. இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றியிருந்தாள் சுகி.

“அக்கா, அந்தச் சாவிய எடு.”

“என்ன சாவி?”

“மீற்றர்ச் சாவி. அத்தான் எல்லாம் சொல்லிட்டார்.”

சுகி என்னைத் தேடித் திரைக்குள்ளிருந்து பார்த்தாள். நான் ரஜனிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மெய்தான், ஒளிந்துகொண்டேன்.

“பிறகு போடுறன் ரஜனி. இப்ப களைப்பா இரிக்கு.”

“இப்பப் போ. கட் பண்ணாத. நான் உன்னோட வாறன்.”

அப்படித்தான் நாங்கள் நாலு பேரும் அன்றைக்கு இங்கிலாந்தில் ஒரு தெருவில் நடந்தோம். சுகி கைத்தொலைபேசியைத் தாழப் பிடித்திருந்ததால் அவளுடைய நாடியும் சாம்பல் வானமும்தான் தெரிந்தன. சப்பாத்துச் சத்தம் கேட்டது. மழை நின்ற தெரு போல இருந்தது. “றோட்டில ஒரு குஞ்சு குருமானக் காணல்ல” என்றார் மாமி. மூலைக் கடையில் மணி ஒன்று கிணுங்கியது. எவ்வளவு போட என்று கடைக்காரர் கேட்டது எங்களுக்கும் கேட்டது. சுகி தயங்கினாள்.

“அடுத்த மாத மேசன்ர காசு முழுக்கப் போடு” என்றாள் ரஜனி.

“பைத்தியமா உனக்கு? மறுகா உன்ர வீடு?”

“நிண்ட இடத்தில நிக்கட்டும்.”

“சசிட தாய்க்கு என்ன சொல்லுவாய்?”

“அது என்ர வேல. நீ காசக் குடு.”

சுகி முழுவதையும் போடவில்லை. போட்ட அளவுக்கே கடைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

சசிதரனின் தாய்க்கு ரஜனி அன்றிரவே தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்த அம்மாள் ஆவணிக் கல்யாணத்தை நிறுத்திவைத்தார். நடுவில் மகனுக்கு வேறு இடம் பார்த்ததாகவும் கேள்விப்பட்டோம். ரஜனி அந்த மாதங்களில் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், மெலிந்தாள், ஆனால் அக்காவோடு பேசும்போது மட்டும் வழக்கம்போலச் சிரித்தாள். அதற்கும் அடுத்த வருச ஆவணியில் சசிதரன் தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு பூசாத வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்தான். பூச்சு வேலை இப்போதும் ஒரு பக்கம்தான் முடிந்திருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிறு இதொன்றும் யாருக்கும் தெரியாது. கல்யாணம் போனாலும் போகும் என்று தெரிந்துதான் அவள் அதைச் செய்தாள்.

சுகி அறைக்குத் திரும்பி, மாடிப்படிக்குக் கீழே இருந்த மீற்றரில் சாவியைச் செருகினாள். ஹீற்றரில் இரண்டு கம்பிகள் மெல்லச் சிவந்தன. கைத்தொலைபேசியை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நிலத்திலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தொப்பியோடும் சால்வையோடும் கட்டிலில் சாய்ந்தபடி உறங்கிவிட்டாள்.

நான் அழைப்பைத் துண்டிக்கக் கையை நீட்டினேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

“கிடக்கட்டும். கொஞ்சம் பாப்பம்” என்றார்.

யாரும் எழும்பவில்லை. சுகி உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கராசா மாமா டைல்ஸ் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கினார். மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவரிடம் கேட்டார்.

“தம்பி, நீ கிடந்த அறையில ஃபேன் எண்டாலும் இருந்ததா?”

மாமாவின் கை நின்றது.

“ஒண்டு இருந்ததுக்கா” என்றார். “சுத்திச் சுத்தி வீசுற ஃபேன். என்ர பக்கம் வரும். மறுகா போயிரும்.”